தடம் தாண்டாத நடை

ஆகஸ்ட் 1 சுவிட்சர்லாந்தின் தேசிய நாள். 1912ஆம் ஆண்டு அந்த நாளில் யுங்ஃப்ராவ்யோஹ் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ஐகர், மொன்ஷ் ஆகிய இரண்டு மலைகளின் வயிற்றைக் குடைந்து, 3,454 மீட்டர் உயரத்துக்குத் தண்டவாளம் போட்டு, மலையேறத் தெரியாதவரையும் பனிப்பாறையின் தலைமாட்டில் இறக்கிவிட்ட சாதனை அது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1914 ஆகஸ்ட் 1 அன்று, நாட்டின் கிழக்குக் கோடியில் எங்கடின் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைகளில் சுவிஸ் தேசியப் பூங்கா தொடங்கியது. முதல் உலகப் போருக்காகச் சுவிஸ் அரசு படை திரட்ட ஆணையிட்டதும் அதே நாளில்தான் என்பதால் அன்று அதைக் கவனிக்க யாருக்கும் நேரமிருந்திருக்காது. ஒரே நாடு, ஒரே தேதி, மலையைப் பற்றி முற்றிலும் எதிரான இரண்டு முடிவுகள். ஒன்று மனிதரை எவ்வளவு மேலே கொண்டுபோக முடியும் என்று பார்த்தது. மற்றது மனிதர் எவ்வளவு ஒதுங்கி நிற்க முடியும் என்று பார்த்தது. சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் புறப்படும் சுற்றுலாக் குழுக்களின் நிரலில் முதலாவது தவறாமல் இருக்கும். அங்கே இந்தியச் சாப்பாட்டுக்கென்று ஓர் உணவகமே உண்டு. இரண்டாவதன் பெயரை அந்த நிரல்களில் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. மலையில் நடக்க விரும்புகிறவரும், மடிக்கணினியோடு சில வாரம் மலையடிவாரத்தில் தங்கி வேலைபார்க்க நினைக்கிறவரும் போகவேண்டியது இரண்டாவது இடத்துக்குத்தான் என்பது என் வாதம். அங்கே வசதிகள் குறைவு, கட்டுப்பாடுகள் மிக அதிகம். அந்தக் கட்டுப்பாடுகளுக்காகவே போகவேண்டும் என்கிறேன்.

போவது கடினமில்லை. ஸூரிக்கிலிருந்து லாண்ட்குவார்ட், அங்கிருந்து மலை ரயில், 1999இல் திறந்த 19 கிலோமீட்டர் நீள ஃபெராய்னா சுரங்கம், அதைத் தாண்டினால் எங்கடின். செர்னெட்ஸ் என்ற சிற்றூர்தான் பூங்காவின் வாசல். தகவல் மையம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து ஓஃபன் கணவாய் வழியாக மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து பூங்காவின் நடுவே ஓடுகிறது. சாலையோரம் ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட நிறுத்துமிடங்கள். எந்த எண்ணில் இறங்குகிறோமோ அதுதான் அன்றைய நடையின் தொடக்கம். நுழைவுக் கட்டணம் கிடையாது. பூங்காவின் பரப்பு 170 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய 1,400 மீட்டரில் தொடங்கி 3,174 மீட்டர் உயரமுள்ள பிட்ஸ் பிசோக் சிகரம் வரை எழுகிறது. நாட்காட்டிகளில் வரும் சுவிட்சர்லாந்தை எதிர்பார்த்து வருகிறவர் முதல் மணி நேரத்திலேயே ஏமாறுவார். பெயர் சொல்லும்படியான பனியாறு இல்லை. மாட்டர்ஹார்ன் போன்ற ஒற்றைச் சிகரம் இல்லை. சாம்பல் நிற டோலமைட் பாறை நொறுங்கிச் சரிந்த கற்சரிவுகள், அவற்றுக்குக் கீழே கருத்த மலைப் பைன் காடு, காட்டுக்குள் விழுந்த இடத்திலேயே கிடந்து மட்கும் மரங்கள். யாரும் அவற்றை அகற்றுவதில்லை. விழாமல் பட்டுப்போய் நிற்கும் மரங்களையும் வெட்டுவதில்லை. நம் கண்ணுக்கு இது பராமரிப்பில்லாத காடாகத் தெரியும். பராமரிக்கக் கூடாது என்பதுதான் இங்கே சட்டம்.

சட்டத்தின் மற்ற விதிகளும் அதே தொனியில்தான் இருக்கின்றன. 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள தடங்கள் உண்டு. அவற்றை விட்டு ஓரடிகூட வெளியே வைக்கக் கூடாது. உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் மஞ்சள் குறியிட்ட ஓய்விடங்கள் இருக்கின்றன. கூடாரம் அடிக்கவோ, திறந்தவெளியில் படுக்கவோ, தீ மூட்டவோ அனுமதியில்லை. பூ, காளான், கல், உதிர்ந்த கொம்பு என்று எதையும் எடுக்கக் கூடாது. சைக்கிளுக்கும் ட்ரோனுக்கும் தடை. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டும் வரக் கூடாது. இரவு தங்கப் பூங்காப் பகுதியில் இரண்டே இடங்கள்: 1910இல் கட்டிய குளுவோட்சா மலைக்குடில், கணவாய்ச் சாலையில் உள்ள இல் ஃபுவோர்ன் விடுதி. பனி விழத் தொடங்கினால் அடுத்த கோடை நெருங்கும்வரை பூங்கா முழுவதும் மூடிக்கிடக்கும். பனிச்சறுக்கு, பனிநடை எதற்கும் வழியில்லை. பனிச்சறுக்கில் வாழும் ஒரு நாட்டில், அதுவும் செயின்ட் மோரிட்ஸ் போன்ற ஊர் அதே பள்ளத்தாக்கின் மேல்முனையில் இருக்கும்போது, பாதி ஆண்டு ஒரு மலைத்தொடரை யாருக்கும் இல்லாமல் பூட்டிவைப்பது சாதாரணத் துணிச்சல் இல்லை. ஆல்ப்ஸின் மற்றப் பெரிய பூங்காக்களில் கட்டுப்பாடு இவ்வளவு இறுக்கமில்லை. ஆஸ்திரியாவின் ஹோஹே டவர்னில் வேளாண்மையும் மேய்ச்சலும் பூங்காவின் பகுதியாகவே தொடர்கின்றன. சுவிஸ் பூங்காவோ உலக அளவிலான வகைப்பாட்டில் மிகக் கடுமையான முதல் பிரிவில் இருக்கிறது.

தடத்தை விட்டு விலகாதே என்ற விதி நடப்பவரின் சுதந்திரத்தைப் பறித்து, அதற்கு ஈடாக இயற்கையைக் காப்பாற்றுகிறது என்றுதான் பொதுவாக விளக்குவார்கள். அந்த விளக்கம் பாதி சரி. விதி நடப்பவருக்கே லாபம் என்பது மீதிப் பாதி. மலையில் வாழும் விலங்கு மனிதரைக் கண்டு ஓடுவது மனிதர் இருப்பதால் மட்டும் அன்று; மனிதர் எங்கே இருப்பார், எந்தப் பக்கம் திரும்புவார் என்று கணிக்க முடியாததால். நூறாண்டுக்கு மேலாக ஒரே கோட்டில் மட்டும் மனிதர்கள் வந்துபோகும் சரிவில், அந்தக் கோட்டுக்கு வெளியே ஆபத்தில்லை என்பது விலங்குகளுக்குப் பழகிவிடுகிறது. அதனால்தான் வேட்டை நடக்கும் மலைகளில் இருட்டிய பிறகு மட்டும் வெளியே வரும் செம்மான்கள், ட்ருப்ச்சுன் பள்ளத்தாக்கில் பட்டப்பகலில் எதிர்ச்சரிவில் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. மர்மோட்கள் தடத்துக்குச் சில அடி தள்ளி வளைவாயிலில் நிமிர்ந்து நின்றபடி நடப்பவரைப் பார்க்கின்றன. ஷாமுவா ஆடுகள் கற்சரிவின் குறுக்கே அவசரமில்லாமல் போகின்றன. ஒரு நல்ல தொலைநோக்கியும் ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்காரும் பொறுமையும் இருந்தால், தடமில்லாத காடுகளில் நாள்கணக்கில் அலைந்தும் கிடைக்காத காட்சி இங்கே கிடைக்கும். நம் கால்கள் எங்கே போகும் என்பது நிச்சயமாக இருப்பதால்தான் கண்கள் இவ்வளவு தூரம் போக முடிகிறது.

இந்த விலங்குகள் எல்லாம் ஆதியிலிருந்தே இங்கே இருந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. பூங்கா தொடங்கியபோது இந்த மலைகளில் பல இனங்கள் இல்லை. ஐபெக்ஸ் என்ற பெருங்கொம்புக் காட்டாடு இந்த வட்டாரத்தில் அற்றுப்போய் நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. இத்தாலிய அரசரின் கிரான் பாரடிஸோ வேட்டைக்காட்டில் மட்டும் மிஞ்சியிருந்த அந்த இனத்தின் குட்டிகளைக் கடத்திவந்து செயின்ட் கேலன் நகர விலங்குப் பூங்காவில் 1906 முதல் வளர்த்தார்கள். அந்தக் கால்வழியில் வந்தவற்றை 1920இல் தேசியப் பூங்காவில் விட்டார்கள். திருட்டில் தொடங்கிய பாதுகாப்பு என்றுதான் சொல்லவேண்டும். எலும்பைத் தின்று வாழும் தாடிப் பாறு, ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச்செல்லும் என்ற பொய்ப் பழியால் ஆல்ப்ஸ் முழுவதும் சுட்டு ஒழிக்கப்பட்டது. 1991 முதல் ஸ்டாபெல்ச்சோட் பள்ளத்தாக்கின் பாறைப் பொந்தில் வைத்து வளர்த்த இளம் பறவைகளைப் பறக்கவிட்டார்கள். 2007இல் சுவிட்சர்லாந்தில் மீண்டும் காட்டிலேயே குஞ்சு பொரித்தது. மார்குனெட் மேட்டுக்குப் போகும் மூன்று மணி நேரச் சுற்றுத்தடம் அந்தப் பாறைகளுக்கு எதிரேதான் ஏறுகிறது. காடும் அப்படித்தான். இல் ஃபுவோர்ன் பகுதியில் இரும்பு உருக்கினார்கள். ஸ்சார்ல் பள்ளத்தாக்கில் ஈயமும் வெள்ளியும் தோண்டினார்கள். உலைகளுக்கு மரம் போயிற்று. தீரோலில் உள்ள ஹால் நகர உப்புக் காய்ச்சும் சாலைகளுக்கு விறகு ஆற்றில் மிதந்து போயிற்று. இன்று நாம் நடக்கும் காடு கன்னிக்காடு அன்று. மொட்டையடிக்கப்பட்ட மலை மெதுவாக முடி வளர்த்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் இந்தப் பூங்காவின் தனித்தன்மை இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல் மக்களின் களிப்புக்கான இடமாகச் சட்டத்திலேயே அறிவிக்கப்பட்டது. சுவிஸ் பூங்காவை நிறுவியவர்கள், குறிப்பாகப் பாசலைச் சேர்ந்த பால் சராசினும் தாவரவியலாளர் கார்ல் ஷ்ரோட்டரும், அந்த மாதிரியை ஏற்கவில்லை. மனிதன் கையை எடுத்துவிட்டால் ஓர் ஆல்ப்ஸ் மலைப்பகுதி என்ன ஆகும் என்ற கேள்வியோடு தொடங்கிய சோதனைக்களம் இது. தாவரவியலாளர் பிரௌன்-பிளாங்கே 1917இல் நிலையான சதுரக் கட்டங்களை அளந்து அவற்றில் உள்ள செடிகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. வால் சாஸாவிலும் வால் தல் அக்குவாவிலும் உள்ள, பனியும் கல்லும் கலந்து ஊர்ந்து இறங்கும் பாறைப் பனியாறுகளையும் அதே காலத்திலிருந்து அளந்து வருகிறார்கள். கிடைத்த விடைகள் எதிர்பார்த்தவை அல்ல. மாடு மேய்வதை நிறுத்தினால் மேய்ச்சல் நிலம் சீக்கிரமே காடாகிவிடும் என்று நிறுவனர்கள் நம்பினார்கள். நூறாண்டு கழிந்தும் ஸ்டாபெல்ச்சோட் புல்வெளி புல்வெளியாகவே இருக்கிறது. மாடு போன இடத்தைச் செம்மான் பிடித்துக்கொண்டது. முன்பு மாடுகள் படுத்து உரமேறிய இடங்களைத் தேடிப்பிடித்து மொட்டையாக மேய்கிறது. அப்படி மேய்ந்த இடங்களில் செடி வகைகள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. தடத்தில் நின்று அந்தப் புல்வெளியைப் பார்க்கிறவருக்கு அது வெறும் புல். 1914 என்ற ஆண்டைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு, அறிவாளிகளின் கணிப்பை ஒரு மான்கூட்டம் தின்றுகொண்டிருக்கும் காட்சி. எனவே இந்தப் பூங்காவில் பார்க்கக் கிடைப்பது நிலக்காட்சியைவிட அதிகமாகக் காலம்தான். காலத்தை ஒரு பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது.

அதனால்தான், அவசரமாக வந்து ஒரு தடத்தை முடித்துப் படமெடுத்துப் போகும் நடையாளரைவிட, பக்கத்து ஊரில் ஒரு மாதம் அறையெடுத்துத் தங்கி வேலைபார்த்துக்கொண்டே வாரத்தில் இரண்டு நாள் நடக்கிறவர் இந்தப் பூங்காவுக்குப் பொருத்தமான விருந்தாளி என்று நினைக்கிறேன். முதலில் கேட்கும்போது முரணாகத் தோன்றும். மலையையும் மடிக்கணினியையும் ஒரே சட்டகத்தில் வைத்துக் காட்டும் விளம்பரங்கள் போதுமான எரிச்சலை உண்டாக்கியிருக்கின்றன. பனிமலை பின்னணியில் காணொளிக் கூட்டம் நடத்துவது மலையைத் திரைச்சீலையாக்குவது. இந்தப் பூங்காவில் அது நடக்காது. பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. மின்சாரம் கேட்க இடமும் இல்லை. வேலை எல்லைக்கு வெளியே, செர்னெட்ஸ் அல்லது ஸ்குவோல் போன்ற ஊர்களில். நடை எல்லைக்கு உள்ளே. இரண்டையும் கலக்க முடியாமல் நிலமே பிரித்துவைத்திருக்கிறது. அப்படிப் பிரிவதால் கிடைக்கும் நன்மை பருவத்தைப் பார்க்கும் வாய்ப்பு. ஜூன் கடைசியில் முர்ட்டேர் கணவாயில் பனி கிடக்கும். ஜூலையில் அதே இடத்தில் பூ. ஆகஸ்ட் பிற்பகலில் இடிமழை. செப்டம்பர் கடைசியில் லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும்போது ஆண்மான்களின் கர்ஜனை. விடுமுறைக்கு வருகிறவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மழை பெய்தால் அதுவும் போயிற்று. தங்கி வேலைபார்க்கிறவர் மழை நாளில் வேலையை முடித்துவிட்டுத் தெளிந்த நாளில் நடக்கலாம்.

இந்த யோசனை யாருக்கு என்பதைச் சொல்லிவிடவேண்டும். சுற்றுலா விசாவில் வந்து வேலைபார்ப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடியது. ஷெங்கன் விசா 180 நாட்களுக்குள் 90 நாள் தங்க அனுமதிப்பதை வேலை அனுமதியாக எண்ணிக்கொள்ளக் கூடாது. விலைவாசியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஸூரிக்கிலும் பாசலிலும் ஆன்சைட் பணியில் இருக்கும் கணினித் துறையினருக்கும், பெர்ன், ஸூரிக் பக்கம் வேரூன்றிவிட்ட பல்லாயிரம் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கும் இது ரயில் தூரம்தான். அந்தத் தலைமுறை சுவிஸ் பள்ளியில் படித்து, சுவிஸ் அலுவலகத்தில் வேலைபார்க்கிறது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் மட்டும் டிட்லிஸுக்கும் ரைன் அருவிக்கும் ஓட்டுநராகப் போய்வருகிறது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, இவ்வளவு கெடுபிடியில் இயற்கையின்மேல் அன்பு வளருமா என்பது. குழந்தை புல்லில் உருளாமல், ஓடையில் கால் நனைக்காமல், ஒரு பூவைப் பறித்துப் பார்க்காமல் காட்டை எப்படி நேசிக்கும்? இது லேசான கேள்வி இல்லை. சுவிஸ் மக்களே வாக்குப்பெட்டியில் இதைக் கேட்டிருக்கிறார்கள். கிராவ்பூண்டன், டிசினோ மாநிலங்களில் அடூலா என்ற பெயரில் இரண்டாவது தேசியப் பூங்கா அமைக்கும் திட்டத்தை 2016இல் அந்தப் பகுதி ஊராட்சிகள் நிராகரித்தன. லோகார்னோ பக்கத் திட்டத்தையும் 2018இல் நிராகரித்தன. மையப்பகுதியில் தடத்தை விட்டு விலகக் கூடாது, வேட்டையாடக் கூடாது போன்ற விதிகள்மேல் இருந்த அச்சம் அந்தத் தோல்விகளில் பெரிய பங்கு வகித்தது. அதனால் நூறாண்டைக் கடந்தும் அந்த நாட்டில் ஒரே ஒரு தேசியப் பூங்காதான். என் பதில், இந்த ஒன்றுக்கு ஆதரவாகவே அந்த உண்மையைப் படிக்கவேண்டும் என்பது. நாட்டின் பரப்பில் அரை சதவீதத்துக்கும் குறைவான நிலம் இது. குழந்தை உருள்வதற்கும் பறிப்பதற்கும் எல்லைக்கு வெளியே ஆல்ப்ஸ் முழுவதும் கிடக்கிறது. எங்கடினிலேயே எத்தனையோ பள்ளத்தாக்குகள். எல்லா மலையிலும் இதே விதி என்றால் நானும் எதிர்ப்பேன். ஓர் இடத்திலாவது நாம் இல்லாமல் மலை எப்படி இருக்கும் என்று பார்க்க வாய்ப்பு வேண்டாமா? தவிரவும், பறிக்கக் கூடாது என்று சொன்னதும் குழந்தைகள் பார்ப்பதை நிறுத்திவிடுவதில்லை. பெரியவர்களுக்குத்தான் அந்தப் பழக்கம் உண்டு.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. மனிதர் ஒதுங்கிவிட்டார் என்பதே கதை. நடுவே நெடுஞ்சாலை போகிறது, மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் காட்டுக்குள் கேட்கிறது, ஆற்றை அணை கட்டி முடக்கியிருக்கிறார்கள். பிறகு நடந்து வருகிறவரை மட்டும் தடத்துக்குள் நிறுத்துவது என்ன நியாயம்? அணை விஷயத்தில் குற்றச்சாட்டு முழுக்க உண்மை. பூங்காவின் முதன்மை ஆறான ஸ்பொல்லில் மின்சாரத்துக்காக இத்தாலியோடு 1957இல் ஒப்பந்தம் போட்டார்கள். 1958 டிசம்பரில் நாடு தழுவிய வாக்கெடுப்பில் மக்கள் அதை ஏற்றார்கள். எல்லையில் 130 மீட்டர் உயரமுள்ள புண்ட் தல் கால் அணை 1960களின் இறுதியில் எழுந்தது. கீழே ஆறு ஓடையாகச் சுருங்கியது. பாறைகளில் பாசியும் வண்டலும் படிந்து மீன்கள் முட்டையிட இடமில்லாமல் போனதால், 2000ஆம் ஆண்டில் அணையிலிருந்து செயற்கை வெள்ளம் திறந்துவிட்டு ஆற்றுப்படுகையைக் கழுவத் தொடங்கினார்கள். 2016இல் அணையின் பராமரிப்பு வேலையின்போது பழைய அரிப்புத்தடுப்புப் பூச்சிலிருந்த பிசிபி நச்சு மேல் ஸ்பொல்லில் கலந்தது. அதைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு, எவ்வளவு செய்வது என்ற தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கையே வைக்கக் கூடாத பூங்காவில் ஆற்றுக்கு மனிதர் கடிகாரம் பார்த்து வெள்ளம் விடவேண்டிவந்தது என்பது கசப்பான வேடிக்கைதான். ஆனால் இதிலிருந்து எந்த முடிவுக்கு வருவது? விதி மின்சாரத்தின் முன்னால் வளைந்தது, எனவே நடையாளர் முன்னாலும் வளையட்டும் என்பது, பெரிய திருடனைப் பிடிக்க முடியவில்லை, எனவே சின்னத் திருடனையும் விட்டுவிடு என்பது போன்ற வாதம். சோதனைக்களம் சிதைந்திருக்கிறது என்றால் சிதையாமல் இருக்கும் பகுதியின் மதிப்புதான் கூடுகிறது. அதோடு, அந்த ஆற்றின் கெடுதி இவ்வளவு துல்லியமாகத் தெரியவந்ததற்குக் காரணமே அது பல பத்தாண்டுகளாக அளந்துவந்த நிலத்தில் ஓடுகிறது என்பதுதான். வேறு எத்தனை அணைகளுக்குக் கீழே எத்தனை ஆறுகள் யாரும் அளக்காமல் கெட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

எல்லை என்பது வரைபடக் கோடு, விலங்குக்கு அது தெரியாது என்பதும் இந்த வாதத்தின் ஒரு கிளை. கோடையில் பூங்காவில் மேயும் செம்மான்கள் குளிர்காலத்தில் கீழே, வெளியே, வெயில்படும் சரிவுகளுக்கு இறங்கிவிடுகின்றன. அங்கே உணவு போதாமல் கூட்டமாகச் செத்த காலங்கள் உண்டு. இப்போது செப்டம்பர் வேட்டை போதவில்லை என்றால் நவம்பர், டிசம்பரில் சிறப்பு வேட்டை நடத்தி எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். நாட்டின் கடைசிக் கரடியை 1904இல் ஸ்சார்ல் பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். நூற்றியோராண்டு கழித்து 2005இல் இத்தாலியிலிருந்து ஓர் இளங்கரடி இதே வட்டாரத்துக்கு வந்தது, ஆனால் தங்கவில்லை. ஒரு கரடிக்கே போதாத அளவு சிறிய பூங்கா இது. இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாத குறை, மேலும் பெரிதாக்கவேண்டும் என்பதற்கான காரணமாகும். இருப்பதைத் தளர்த்தவேண்டும் என்பதற்கான காரணம் ஆகாது. 2000ஆம் ஆண்டில் மாக்குன் ஏரிகள் உள்ள மேட்டுநிலத்தை மட்டும் சேர்க்க முடிந்தது. அதற்கு மேல் விரிவாக்க உள்ளூர் மக்கள் இணங்கவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் நமக்கு நெருக்கமானது. அதற்குக் காரணமும் இருக்கிறது. பூங்காவின் முதன்மை நிறுவனரான பால் சராசினும் அவருடைய உறவுமுறைச் சகோதரர் ஃபிரிட்ஸ் சராசினும் 1880களில் இலங்கையில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தவர்கள். அங்குள்ள பழங்குடிகளான வேடர்களை மனிதகுலத்தின் ஆதிநிலையின் எச்சமாக எண்ணி அளந்தார்கள். மண்டையோடுகளையும் எலும்புகளையும் சேகரித்துப் பாசலுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய நூலும் எழுதினார்கள். அழிந்துகொண்டிருக்கும் தூய ஆதிநிலை ஒன்று எங்கோ இருக்கிறது, அதை வேலிகட்டிக் காக்கவேண்டும் என்ற பால் சராசினின் நோக்கு, இலங்கைக் காட்டையும் எங்கடின் மலையையும் ஒரே கண்ணால் பார்த்தது. அவருடைய உலக இயற்கைப் பாதுகாப்புத் திட்டத்தில் விலங்கு, தாவரங்களோடு 'இயற்கை மக்களும்' காக்கப்படவேண்டிய பட்டியலில் இருந்தார்கள். மனிதரைக் காட்சிப்பொருளாக்கிய அதே எண்ணத்தில் பிறந்த பூங்காவைப் பாராட்டுவது எப்படி என்று கேட்கலாம். காட்டிலிருந்து மனிதரை வெளியேற்றுவதைப் பாதுகாப்பு என்று அழைத்து, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பழங்குடிகளைத் துரத்திய வரலாறு நீண்டது. இந்தியாவில் வன உரிமைச் சட்டம் வர 2006 ஆகவேண்டியிருந்தது.

இதற்கு நிறுவனரின் நோக்கத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. நடந்த முறையை வைத்துத்தான் சொல்ல முடியும். எங்கடினில் யாரையும் விரட்டவில்லை. பாசலில் ஆசிரியராக இருந்த எங்கடின்காரர் ஸ்டைவன் புரூனியஸ் தன் சொந்த மண்ணைச் சுட்டிக்காட்டினார். செர்னெட்ஸ் ஊராட்சி 1909 டிசம்பரில் குளுவோட்சா பள்ளத்தாக்கை 25 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அந்தக் குத்தகைக்குப் பணம் திரட்ட ஒரு சங்கம் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு ஃபிராங்க் சந்தா என்று நாடெங்கும் உறுப்பினர் சேர்த்தார்கள். பிறகு நாட்டு அரசே பொறுப்பேற்று ஊராட்சிகளுக்கு ஈடு கொடுத்தது. நிலத்தின் பெரும்பகுதி இன்றும் ஊராட்சிகளுடையதுதான். மேய்ச்சலும் வேட்டையும் இழந்தவர்களுக்கு வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2016, 2018 வாக்கெடுப்புகளில் மற்றப் பகுதிகள் அதைப் பயன்படுத்தியும் காட்டின. வேடர்களை யாரும் கேட்கவில்லை, செர்னெட்ஸைக் கேட்டார்கள். வேறுபாடு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. கடுமையான விதி நம் காடுகளில் அநீதியானதற்குக் காரணம் கடுமை அன்று, அது யார்மேல் யாரால் சுமத்தப்பட்டது என்பது. எனவே இந்தப் பூங்காவைப் பார்த்துவிட்டு அதன் விதிகளை மட்டும் ஊருக்கு ஏற்றுமதி செய்ய விரும்புகிறவர்கள், குத்தகைப் பத்திரத்தையும் வாக்குச்சீட்டையும் சேர்த்து ஏற்றுமதி செய்யவேண்டும்.

விமானப் பயணத்தின் கரியமிலக் கணக்கை எழுப்புகிறவர்களுக்கு நான் சுற்றிவளைத்துப் பதில் சொல்லப் போவதில்லை. இந்தப் பூங்காவைப் பார்க்க மட்டும் சென்னையிலிருந்து பறந்து வரவேண்டாம். ஐரோப்பாவில் ஏற்கெனவே இருப்பவர்களும், வேறு காரியமாக வருகிறவர்களும் வந்தால் போதும். அஞ்சல் பேருந்தும் ரயிலும் இருக்கும்போது வாடகைக் காருக்கும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். யுங்ஃப்ராவ்யோஹ் பத்து லட்சத்தைத் தொடுகிறது. இந்த விகிதம் மாறவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்பவர்கள் செப்டம்பர் பிற்பகுதியையும் ட்ருப்ச்சுன் பள்ளத்தாக்கையும் தேர்ந்தெடுப்பது நல்லது: ஸ்சான்ஃப் ஊரிலிருந்து ஏறும் சுலபமான தடம், மான்களின் இணைசேரும் காலம், எல்லைக்கு வெளியே வேட்டை நடக்கும் மாதம் என்பதால் உள்ளே மான்கூட்டம் அதிகம். நன்றாகக் களைக்கும்படி ஏறவேண்டும் என்பவர்கள் செர்னெட்ஸிலிருந்து மூன்று மணி நேரத்தில் குளுவோட்சா குடிலை அடைந்து, இரவு தங்கி, மறுநாள் 2,545 மீட்டர் உயர முர்ட்டேரைக் கடந்து ஓஃபன் சாலையில் இறங்கலாம். குடிலில் படுக்கைக்கு முன்பதிவு கட்டாயம். இடமில்லை என்றால் வெளியே படுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது, காவலர்களுக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் உண்டு. தொலைநோக்கி இல்லாமல் வரவேண்டாம். அக்டோபர் நடுவில் குடில் மூடிவிடும்.